வாமடை இல்லாத வரப்பு

நீங்கள் வடிகால் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் உங்கள் கையில் அளவு நாடாவும் மட்டம் பார்க்கும் கருவியும் கொடுத்திருப்பார்கள். நான் இந்த வேலையைத் தொடங்கியபோது என் கையில் கொடுத்தது ஒரு காய்ந்த ரப்பர் இலை. அந்த இலையால் நான் செய்த தவறையும், அதற்கு அடுத்த வருஷம் தெரிந்தே செய்த இன்னொரு தவறையும் உங்களுக்குச் சொல்கிறேன். கணக்கு முறைகள் எல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. இது அவற்றில் இல்லை.

சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது வெளிவேலைகளைப் பார்க்கும் எழுத்தராக இருந்தேன். புல்வெட்டு, வாய்க்கால், பாலம், செம்மண் சாலை எல்லாம் என் பொறுப்பு. மலையடியில் புறப்படும் ஓர் ஓடை தோட்டத்தை நெடுக்காகக் கடந்து, ஒரு சதுப்பை ஒட்டி வந்து, கூலி ஆட்கள் குடியிருந்த கீழ் லயத்துக்குப் பின்னால் ஓடி, எல்லைக்கு வெளியே மலாய்க்காரர்களின் வயல்களில் இறங்கும். அந்தச் சதுப்பை எல்லாரும் மலாய்ச் சொல்லால் பாயா என்றுதான் சொல்வோம்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஓடையைத் துப்புரவு செய்வது தோட்டத்து வழக்கம். விழுந்து கிடக்கும் மரம், பெரணி, நாணல், நீட்டிக்கொண்டிருக்கும் வேர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரு கரையையும் மழித்துவிட வேண்டும். வேலை முடிந்த நாளில் வெள்ளைக்காரத் துரை மேல் பாலத்தில் நின்று ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போடுவார். இலை மிதந்து போகும். அதற்கு இணையாகக் கரையில் துரை நடப்பார். அவருக்குப் பின்னால் கிராணி. கிராணிக்குப் பின்னால் வாய்க்கால் ஆட்கள். இலை எங்கும் சிக்காமல் கீழ்ப் பாலத்துக்கு வந்துசேர்ந்தால் கிராணி நல்ல கிராணி. சிக்கினால், சிக்கிய இடத்திலேயே நின்று எல்லார் முன்னாலும் வசவு வாங்க வேண்டும்.

இலை எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். மழையையும் எழுதுவேன். அலுவலகத்துக்கு முன்னால் இருந்த மழைமானியைத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்ப்பது என் பழக்கம். ஜப்பான்காரர்கள் வந்து கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, இனி தோக்கியோ நேரம்தான் என்று சொன்னபோது, நான் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். மழைக்குத் தோக்கியோ தெரியாது.

துரை தெற்கே ஓடிப்போய், தோட்டம் ஜப்பான் நிர்வாகத்தின் கீழ் வந்த முதல் வருஷம். ரப்பரை வாங்க ஆளில்லை. மலைச்சரிவில் நின்ற பழைய மரங்களை ரயில் எஞ்சினுக்கு விறகாக வெட்டச் சொன்னார்கள். வெட்டிய இடத்தில் மரவள்ளி போட வேண்டும். அந்தக் கிழங்கு நிர்வாகத்துக்குப் போய்விடும். லயத்து மக்கள் தங்களுக்கென்று பயிர் செய்துகொள்ள விட்டது கீழ் லயத்துக்குப் பின்னால், ஓடைக்கரையில் இருந்த தாழ்வான ஒரு துண்டு நிலத்தை மட்டும்தான். அரிசிப் பங்கீடு மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆகவே அந்தத் துண்டில் மேடு கட்டிப் போட்ட மரவள்ளிதான் கீழ் லயத்தின் சோறு. நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தக் கிழங்கைப் பற்றியதுதான்.

துரை இல்லாத வருஷத்தில் வேலை மோசம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. வழக்கமாக ஓடையில் இறக்கும் ஆட்களைப்போல் இரண்டு மடங்கு ஆட்களை இறக்கினேன். சரிவில் மழைநீர் தங்குவதற்காக முன்பு வெட்டியிருந்த நீள்குழிகள் மண் நிரம்பிக் கிடந்தன. அவற்றைத் தூர்வார வேண்டிய ஆட்களையும் ஓடைக்கே இழுத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் மேல் பாலத்தில் நானே நின்று, நானே இலையைப் போட்டு, நானே கூட நடந்தேன். துரை காலத்தில் எடுத்ததில் பாதி நேரத்தில் இலை கீழ்ப் பாலத்துக்கு வந்துவிட்டது. அதைக் குறிப்பேட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து மலையில் பெரிய மழை. முன்பெல்லாம் மத்தியானம் மலையில் பெய்தால் கீழ் லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஏறச் சாயங்காலம் ஆகும். சாமான்களைத் தூக்கி வைக்கவும், கோழிகளைப் பிடிக்கவும், வாய்க்கால் ஓரம் இரண்டு கூடை மண் போடவும் நேரம் இருக்கும். அன்று ஒரு மணி நேரத்தில் வந்தது. வந்தது வடியவும் இல்லை. கீழே வயல்களும் நிரம்பிவிட்டதால் மூன்று நாள் அங்கேயே நின்றது. நான்காம் நாள் பெண்கள் செடியைப் பிடித்து இழுத்தபோது கிழங்கு கூழாகக் கையோடு வந்தது. அந்த நாற்றம் லயத்தில் பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கீழ் லயம் மேல் லயத்தாரின் தயவிலும் காட்டுக் கீரையிலும் சாப்பிட்டது.

அந்தக் கிழங்கு பிடுங்கிய நாளில்தான் ஒரு பெண் என்னிடம் முதல் தடவையாக வேலை அல்லாத ஒரு பேச்சைப் பேசினாள். புல்வெட்டுக் கூட்டத்தில் முதல் நிரை பிடிப்பவள் அவள். முதல் நிரைக்காரி எந்த வேகத்தில் போகிறாளோ அந்த வேகத்தில்தான் மற்ற நிரைகளும் போகும். என் வயதுதான் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. பின்னாளில் ஒரு தடவை குறிப்பேட்டில் எழுதப் போனபோது, என்னை எதற்கு எழுதுகிறீர்கள், மழையை எழுதுங்கள் என்று தடுத்துவிட்டாள்.

அழுகிய கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கிராணியாரே, தண்ணிக்குத் தார் ரோடு போட்டுக் குடுத்துட்டீங்க."

இந்த வருஷம் மழை அதிகம் என்று நான் சொன்னேன்.

"போன வருஷமும் இதே மழைதான்லா. உங்க புஸ்தகத்துல பாருங்க."

அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். முந்தின வருஷம் இதைவிட அரை அங்குலம் கூடுதலாகப் பெய்த நாள் ஒன்று இருந்தது. அன்று தண்ணீர் லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டு நிலத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டது என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். நான் எழுதியதை நான் படிக்கவில்லை.

மறுநாள் அவளும் இன்னும் நான்கு பெண்களும் என்னை ஓடையோரமாக மேலே கூட்டிப்போனார்கள். நான் மழித்திருந்த இடங்களில் கரை ஒரு ஆள் நீளத்துக்கு அரித்து உள்ளே போயிருந்தது. பாயாவுக்கு எதிரே ஓர் இடத்தில் மட்டும், அறுக்க ஆள் பற்றாமல் நான் விட்டுவிட்ட ஒரு பெரிய மரம் ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. அதற்காக அப்போது நான் வெட்கப்பட்டிருந்தேன். அந்த மரத்துக்கு மேற்பக்கம் தண்ணீர் இன்னும் பாயாவுக்குள் பரவி, முழங்கால் ஆழத்தில், சேறு அடியில் படிய, அசையாமல் நின்றது. கீழ்ப்பக்கம் கரையில் ஒரு புல்கூடப் பெயரவில்லை.

"இங்க தண்ணி உக்காந்து எழுந்து போவுது," என்றாள். "நீங்க மழிச்ச எடத்துல ஓடுது. அவ்வளவுதான்."

துரையும் நானும் இலை கீழ்ப் பாலத்துக்கு வருகிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறோம். கீழ்ப் பாலத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று இருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜனவரி, பிப்ரவரி வெயில் காலத்தில் வேலையைத் திருப்பிச் செய்தோம். எடுத்துப்போட்ட மரங்களில் இரண்டை ஓடைக்குக் குறுக்கே திரும்ப உருட்டிப் போட்டோம், பாயாவுக்கு எதிரே கிடந்த பெரிய மரத்தோடு சேர்த்து மூன்று. அணை அல்ல, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டோம், அன்றாடத் தண்ணீர் அதன் வழியாகப் போய்விடும். மழைத்தண்ணீர் வந்தால் மட்டும் மரத்தில் முட்டி, மட்டம் உயர்ந்து, பக்கவாட்டில் பாயாவுக்குள் சரியும். மரவள்ளி போட்டிருந்த சரிவில் குறுக்கே குறுக்கே நீள்குழிகள் வெட்டினோம். நிரைகளுக்கு நடுவில் பெரணியை ஒரு பட்டையாக வெட்டாமல் விட்டோம். வேலைகளில் இதுதான் கடினமாக இருந்தது. ஒரு புல்லும் மிஞ்சாமல் வெட்டிப் பழகிய பெண்கள் அவர்கள். புல்லை விட்டுவிட்டு நடந்தால் கை அரிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். அவள் பழக்கத்தில் வெட்டிவிடுவாள் என்று அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியை நடக்கவிட்டோம்.

நான் பைபிள் படிக்கும் வேதக்காரன் என்பது எல்லாருக்கும் தெரியும். மரம் உருட்டும்போது அந்த முதல் நிரைக்காரி கேட்டாள்:

"உங்க வேதத்துல ஒருத்தர் மழைக்கு முந்தியே மரம் சேத்தாராமே. அவருக்காச்சும் கடவுள் வந்து சொன்னாரு. உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான் சொன்னே," என்றேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வருஷ நடுவில் ஆண்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, லாரியில் ஏற்றி, சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்துக்கு. கீழ் லயத்தில் பெண்களும் குழந்தைகளும் நடக்கமுடியாத முதியவர்களும் மிஞ்சினார்கள். முதல் நிரைக்காரியின் கணவரும் போனார். மறுநாள் பிரட்டில் அவள் வழக்கம்போல் முதல் நிரையில் நின்றாள். நிரை அன்று மெதுவாகப் போனது.

சுங்கைப் பட்டாணியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை ஜப்பான் அதிகாரி ஒருவர் மோட்டாரில் வருவார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய். ஆகஸ்டில் ஒரு நாள் ஓடையைப் பார்க்க வேண்டும் என்று இறங்கி நடந்தார். குறுக்கே கிடந்த மரங்களையும் வெட்டாத பெரணியையும் பார்த்து "கொத்தோர்" என்றார். அசுத்தம். எடு என்று சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அதற்குள் அவர் கண் பாயாவின் மேல் போனது. அங்கே நெல் போட வேண்டும், ராணுவத்துக்கு அரிசி வேண்டும், மூன்று வாரத்தில் வரப்புக் கட்டி நடவு முடிய வேண்டும் என்றார். அறுவடையில் லயத்துக்கும் பங்கு உண்டு என்று சேர்த்துக்கொண்டார். மரங்களைப் பற்றி மறந்துவிட்டார்.

மரங்கள் தப்பித்தன என்ற நிம்மதியில் நான் வாய் திறக்கவில்லை. அதுதான் என் இரண்டாவது தவறு. முதல் தவறைவிடப் பெரியது, ஏனென்றால் இம்முறை எனக்குத் தெரிந்திருந்தது. ஓடைத் தண்ணீர் சரிந்து உட்காருவதற்கு இருந்த ஒரே இடம் பாயா. அதைச் சுற்றி வரப்பு எழுப்பினால் மரங்கள் தண்ணீரை எங்கே தள்ளும்? கேட்டிருந்தால் ஒரு வசவு, மிஞ்சினால் ஓர் அறை. கேட்கவில்லை. கயிறு பிடித்து, நெஞ்சு உயரத்தில், கோணல் இல்லாமல் வரப்புப் போட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது.

நடவு நட வந்த முதல் நிரைக்காரி வரப்பின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிட்டு வந்தாள்.

"வாமடை எங்க?"

வாமடை என்பது வயல் வரப்பில் தண்ணீர் வரவும் போகவும் விடும் திறப்பு. நான் வைக்கவில்லை. அதிகாரி திறப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"வாமடை இல்லாட்டி அது வரப்பு இல்ல கிராணியாரே, செவுரு."

மழை வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"நாம பாக்கறதுக்குள்ள மழை நம்மளப் பாத்துரும்," என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். பங்கு கிடைக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஆனாலும் நாற்றை ஒழுங்காகவே நட்டார்கள்.

அக்டோபரில் அந்த மழை வந்தது. பழைய நேரப்படி காலை பத்தரைக்குத் தொடங்கியது. தோக்கியோ நேரம் பன்னிரண்டு. ஒரு மணி நேரம் கழித்து நான் மேல் பாலத்துக்குப் போனேன். சரிவில் வெட்டிய குழிகள் நிரம்பியிருந்தன, ஆனால் வேலை செய்தன. வந்த தண்ணீர் போன வருஷத்தைப்போல் பாய்ந்து வரவில்லை. முதல் மரத்தில் மட்டம் ஏறியது. இரண்டாவதில் ஏறியது. மூன்றாவது மரம் பாயாவுக்கு எதிரே இருந்தது. அங்கே தண்ணீர் பக்கவாட்டில் சரிய இடம் தேடி, என் வரப்பில் முட்டி, திரும்பி, மரத்தின் மேலாக வழியத் தொடங்கியிருந்தது. மரத்தின் ஒரு முனை கரையில் அசைந்துகொண்டிருந்தது. அது பெயர்ந்தால் தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் கீழ் லயத்துக்குப் போகும். கிழங்கு பிடுங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பெண்கள் எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தார்கள். பதினைந்து இருபது பேர், மண்வெட்டியோடு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பின் மேல் நின்றார்கள். ஒருவரும் வெட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். வரப்பை வெட்டினால் ராணுவத்து நெல் மூழ்கும். ராணுவத்து நெல்லை மூழ்கடித்தவனுக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வெட்டாவிட்டால் எனக்கு ஒன்றும் நடக்காது. மழை செய்த சேதம் என்று எழுதிவிடலாம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

முதல் நிரைக்காரி பக்கத்தில் வந்து, கத்தாமல், சாதாரணமாகச் சொன்னாள்:

"நெல்லு நாலு நாள் மூச்சடக்கும், கிராணியாரே. கெழங்குக்கு ரெண்டு நாள் தாங்காது."

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு எதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே புரிந்தது. அதுவரை நெல்லா கிழங்கா, அதிகாரியா லயமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எங்காவது நின்றுதான் ஆக வேண்டும். நிற்கும் தண்ணீரைத் தாங்கக்கூடியது எதுவோ அங்கே நிற்கட்டும். இவ்வளவுதான்.

அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினேன். நாளைக்குக் கேள்வி வந்தால் ஒரே ஒரு பதில் இருக்க வேண்டும். அதற்கு முதல் வெட்டு என்னுடையதாக இருக்க வேண்டும். நாலு வெட்டு வெட்டினேன். ஐந்தாவது வெட்டில் மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

"பேனா புடிக்கிற கையில இப்புடி வெட்டினா விடிஞ்சிரும். குடுங்க இங்க," என்று வாங்கிக்கொண்டாள்.

மற்றவர்கள் சேர்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் வரப்பில் ஆறடி அகலத் திறப்பு. தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு சத்தமில்லாமல் பாயாவுக்குள் சரிந்தது. மூன்றாவது மரத்தின் முனை அசைவதை நிறுத்தியது. சாயங்காலத்துக்குள் நாற்றின் நுனிகூடத் தெரியாமல் பாயா ஒரே வெள்ளைத் தகடாகக் கிடந்தது. கீழ் லயத்துக்குப் பின்னால் தண்ணீர் கிழங்கு மேட்டின் அடியைத் தொட்டு நின்றது. மேலே ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் அதிகாரி வந்தார். பாயாவைப் பார்த்தார். வெட்டிய வரப்பைப் பார்த்தார்.

"சியாப்பா புக்கா?" யார் திறந்தது?

"சாயா," என்றேன். நான்.

அறைந்தார். என் மூக்குக் கண்ணாடி சேற்றில் விழுந்தது. ஏன் என்று கேட்டார். இருந்த மலாயில் சொன்னேன். நெல் தண்ணீருக்குள் நான்கு நாள் உயிரோடு இருக்கும், நான்கு நாளுக்குள் தண்ணீரை வடித்துவிடுவேன் என்றேன். கிழங்கைப் பற்றி நான் பேசவில்லை. அது அவருக்கு ஒரு காரணமாகத் தோன்றாது. எதிரில் இருப்பவருக்குக் கேட்கக்கூடிய உண்மையை முதலில் சொல்ல வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பிற்காலத்தில் நான் வடிகால் இலாகாவில் சேர்ந்தபோது மேலதிகாரிகளிடமும் அது உதவியது.

அவர் வலது கையில் நான்கு விரலைக் காட்டினார். மூழ்கிய நாளையும் சேர்த்து என்றார். பிறகு அதே கையை வடக்கே நீட்டினார். சயாம் அங்கேதான் இருக்கிறது.

பாயாவின் கீழ் முனையில் வரப்பைச் சிறிதாக வெட்டி, ஒரு பலகையை நிறுத்தி, அதைத் தூக்கியும் இறக்கியும் தண்ணீரை ஓடைக்குள் விட்டேன். ஒரு கம்பில் விரற்கடை விரற்கடையாகக் கோடு போட்டு நடுப்பாயாவில் நட்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை இறங்கிப் பார்த்து எழுதினேன். அன்று பொழுது சாய்வதற்குள் நான்கு விரற்கடைதான் இறங்கியது. இந்தக் கணக்கில் போனால் ஆறு நாள் ஆகும். பலகையை முழுசாகத் தூக்கிவிடலாம் என்று கை துடித்தது. என் உயிர் அந்தப் பலகையில் இருக்கிறது என்று தோன்றியது.

தூக்கும் முன் கீழே போய்க் கிழங்கு மேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர் இன்னும் மேட்டின் அடியிலேயே நின்றது. ஒரு சாண் கூடினால் கிழங்குக்குள் போகும். மலையிலிருந்து வரும் தண்ணீர் குறையும்வரை பாயாத் தண்ணீரை அவசரப்படுத்த முடியாது. பலகையை இருந்த இடத்திலேயே விட்டேன். நான் என் வேலையில் செய்த எல்லாக் காரியங்களிலும் ஒன்றும் செய்யாமல் இருந்த அந்தப் பொழுதுதான் கடினமானது.

மூன்றாம் நாள் காலையில் ஓடை இறங்கியது. கீழ் மேட்டிலிருந்தும் தண்ணீர் விலகத் தொடங்கியது. அப்போது பலகையை ஒரு சாண் தூக்கினேன். மத்தியானம் இன்னொரு சாண். பெண்கள் பக்கத்துச் சரிவில் புல்வெட்டிக்கொண்டிருந்தார்கள். இடையில் ஓரிருவர் பாயாவில் இறங்கிக் கை கழுவிவிட்டுப் போனார்கள். நான் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலையில் நாற்றின் நுனிகள் தண்ணீருக்கு மேலே ஒரு விரல் அளவு தெரிந்தன. மஞ்சளாக, சேறு பூசி, படுத்தவாக்கில் கிடந்தன. உயிர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதிகாரி வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாயாவில் இறங்கினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, வெயிலில் தூக்கிப் பார்த்தார். வேர் வெள்ளையாக இருந்தது. அவரும் எங்கோ ஒரு வயலிலிருந்து வந்தவராக இருந்திருக்க வேண்டும்.

"ஹிடுப்," என்றார். உயிர் இருக்கிறது. நாற்றைத் திரும்ப நட்டுவிட்டுக் கரையேறினார். போகும்போது வெட்டிய வரப்பைக் காட்டி, அதைக் கல் வைத்துக் கட்டு என்று மட்டும் சொன்னார். மூடு என்று சொல்லவில்லை. அன்றே திறப்பின் இரு பக்கமும் கல் அடுக்கினோம். நெல்லில் மூன்றில் ஒரு பங்கு அழுகிப்போனது. அந்த இடங்களில் கீழே வயல்காரர்கள் கொடுத்த நாற்றை நட்டோம். வழக்கமாக முதல் மழையிலேயே உடையும் தங்கள் வரப்பு இந்தத் தடவை உடையவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அதை நான் கணக்கில் எடுத்திருக்கவே இல்லை.

டிசம்பரில் கீழ் லயத்தில் கிழங்கு பிடுங்கினார்கள். கெட்டியான, வெள்ளையான கிழங்கு. லயத்து வாசலில் பெண்கள் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அவித்த கிழங்கு ஒன்றை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். பேச்சுவாக்கில், அந்த நான்கு நாளும் நான் கண்ணை மூடவில்லை என்று சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் நிரைக்காரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு முழிச்சிருந்தீங்க? நெல்லு பொழச்சிரும்னு ரெண்டாம் நாளே எங்களுக்குத் தெரியும்லா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள கைய விட்டு ஒரு நாத்தப் புடுங்கிப் பாத்தோம். வேரு வெள்ளையா இருந்துச்சு. திருப்பி நட்டுட்டோம். மூணாம் நாளும் பாத்தோம்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலே?"

"நீங்க கம்ப நட்டு வெச்சு எழுதிக்கிட்டு இருந்தீங்க. படிச்சவரு, வேற என்னமோ கணக்குப் பாக்குறீங்கன்னு நெனச்சோம். நடுவுல பேசினா மரியாத இல்லன்னு விட்டுட்டோம்."

நான் அந்தத் தண்ணீரில் எத்தனை தடவை இறங்கினேன் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. பதினைந்து தடவை. ஒரு நாற்றைக்கூட நான் தொட்டுப் பார்க்கவில்லை.

நீங்கள் கம்பு நடும் இடத்திலும் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மரியாதைக்காகப் பேசாமல் இருப்பார்கள். எழுதுவதை நிறுத்திவிட்டு நீங்கள்தான் கேட்க வேண்டும்.